தங்கக்கம்பி சொன்ன சாட்சி

பழவேற்காட்டில் கெட்டவன் ஒருவன்கூடப் பிறந்ததில்லை. இதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் தங்கக்கம்பி. நீதிசபை கூடிய ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தியத்தைச் செய்தார். அதைக் கோட்டை டச்சுக்காரர்களின் ஒல்லாந்து பாஷையில் திருப்பிச் சொல்லும் தலையெழுத்து என்னுடையது.

அப்போது நான் கோட்டையில் துபாசியாக இருந்தேன். துபாசி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாஷையிலும் திட்டு வாங்குகிறவன் என்பதே சரியான அர்த்தம். வலையை அறுத்தான், படகை இடித்தான், ஆட்டைத் திருடினான் என்று ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வழக்குகள் வரும். குப்பத்துக்காரர்கள் பேசுவதைத் துரைக்கும், துரை பேசுவதைக் குப்பத்துக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். அதுவும் சொல்லுக்குச் சொல். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அது கோட்டை விதி.

தங்கக்கம்பிக்கு ஒரு நிஜப்பெயர் இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. யாரைப் பற்றிக் கேட்டாலும், "அவனா? தங்கக்கம்பியாச்சே!" என்பார். அதுவே பேராகிவிட்டது. கருவாடு காயும் மணல்மேட்டில் காக்கை விரட்டுவது அவர் தொழில். விரட்டிய அழகை நானே பார்த்திருக்கிறேன். காக்கை வந்து உட்காரும். இவர் கோலைத் தூக்குவார். காக்கை இவரைப் பார்க்கும். "பசிக்குது போல" என்று கோலைக் கீழே வைத்துவிடுவார். எந்த முதலாளியும் இவரை இரண்டு பருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

அதனால் நீதிசபைக்கு வர அவருக்கு நேரம் நிறையக் கிடைத்தது.

எங்கள் ஆட்களுக்கு அவரவர் வழக்கப்படி சத்தியம் செய்யலாம் என்று துரைகள் விட்டிருந்தார்கள். தட்டில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் பொத்தி அணைக்க வேண்டும். மற்றவர்கள் ஆயுளில் ஒருமுறை செய்வதற்கே நடுங்குவார்கள். தங்கக்கம்பியின் உள்ளங்கை நடுவில் கறுப்பாகக் காய்த்துப்போயிருந்தது. சூடம் அணைக்கும்போது அவருக்குச் சூடுகூடத் தெரிந்திருக்காது.

அவர் வந்த முதல் வழக்கு, திருப்பாலைவனத்து ஆட்டுத் திருட்டு. தோளில் ஆட்டோடு பிடிபட்டவனுக்குக் குணச்சாட்சி சொல்ல வந்து நின்றார்.

"ஆளு தங்கக்கம்பி துரை."

சொல்லுக்குச் சொல் என்பது விதி. தங்கத்தாலான கம்பி என்றேன். பெரிய துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிசபைக்குத் தலைவர் அவர்தான். ஆட்டைத் தவிர தங்கமும் வைத்திருக்கிறானா என்று கேட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் இரண்டு சிப்பாய்கள் அந்தத் திருடனின் கோவணம்வரை சோதித்துவிட்டார்கள். அன்று முதல் அந்தச் சொல்லுக்கு 'நல்ல மனிதன்' என்றே பெயர்த்துக்கொள்ளத் துரையிடம் தனி அனுமதி வாங்கிக்கொண்டேன்.

"சரி, நல்ல மனிதன். அவன் தோளுக்கு ஆடு எப்படி வந்தது?" என்றார் துரை.

"அத ஆட்டத்தான் கேக்கணும் துரை. நான் ஆளப் பத்திச் சொல்ல வந்தேன்."

வலை அறுத்த வழக்கு ஒன்றில் காலையில் வாதிக்கும் சாயங்காலம் பிரதிவாதிக்கும் இவரே சாட்சி. இருவருமே தங்கக்கம்பி என்றால் வலையை அறுத்தது யார் என்று துரை மேஜையைத் தட்டினார். "அப்ப நான் அங்க இல்லியே துரை" என்றார் சாந்தமாக. குடித்துவிட்டுக் கள்ளுப்பானைகளை உடைத்த ஒல்லாந்துச் சிப்பாய்க்கும் கூப்பிடாமலே வந்தார்.

"உடைத்தானா இல்லையா?"

"உடைச்சாரு துரை. ஆனா சிரிச்சுகினே உடைச்சாரு. கெட்டவன் முறைச்சுகினு இல்ல உடைப்பான்?"

அன்றிலிருந்து தங்கக்கம்பியின் தலை வாசலில் தெரிந்தாலே பெரிய துரை எழுந்து கக்கூசுக்குப் போய்விடுவார். நான் எங்கே போவது?

ஒருநாள் துரை என்னைத் தனியாக அழைத்தார். "ஒருவன் எப்படிப்பட்டவன் என்பது வேறு. அவன் என்ன செய்தான் என்பது வேறு. நாங்கள் கேட்பது இரண்டாவதை. நல்லவன் என்பதால் அவன் செய்யவில்லை என்று நான் முடிவு செய்யமாட்டேன். கெட்டவன் என்பதால் செய்தான் என்றும் முடிவு செய்யமாட்டேன். தண்டனை எவ்வளவு என்று யோசிக்கும்போது வேண்டுமானால் குணத்தைக் கேட்பேன். இதை அந்த மனிதனுக்குப் புரியவை" என்றார்.

புரியவைத்தேன். கோட்டை அகழி ஓரமாக நிற்கவைத்து, தொண்டை வறள வறளச் சொன்னேன்.

"அண்ணே, கெளுத்தி மீன் நல்ல மீனுதான். அதுக்காக அது குத்தலன்னு ஆயிடுமா? குத்திச்சா இல்லியான்னுதான் துரை கேக்கறாரு."

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கெளுத்தி தங்கமான மீன் நைனா. கொழம்பு வச்சுப் பாரு."

தலைப்பாகையைக் கழற்றி அகழியில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. அது கோட்டைச் சொத்து என்பதால் விட்டேன்.

இப்படி ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மங்கம்மா வழக்கு வந்தது.

மங்கம்மா ஏரிச் சேற்றில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிக்கிறவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. துறையில் கப்பலுக்காக வைத்திருந்த துணிமூட்டை ஒன்று பட்டப்பகலில் காணாமல்போயிருந்தது. உள்ளே பூ எழுதின உயர்ந்த ரகத் துணி. மங்கம்மா அதைத் தன் நண்டுக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகக் கிடங்குக் காவல்காரன் கன்னியப்பன் சொல்லிவிட்டான். குற்றம் உறுதியானால் சவுக்கடி, பிறகு காலில் சங்கிலி, பிறகு கடல் தாண்டிப் பத்தாவித் தீவுக்கு அடிமைகளை ஏற்றிப் போகும் கப்பல். அந்தக் கப்பலில் போய்த் திரும்பி வந்தவர்கள் எங்கள் கரையில் யாரும் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். தங்கக்கம்பி வந்து நின்றார்.

"நைனா, ஒரு சந்தேகம்."

"சோறு துன்ன விடுண்ணே."

"ஒருத்தன் நல்லவன். அவன் ஒரு தப்புப் பண்ணத நாம பாத்துட்டோம். வெளிய சொன்னா அவன் கெட்டவனா ஆயிடுவானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தினி நாளா இன்னாத்த நான் உனக்குச் சொல்லிகினு இருந்தேன்? ஆளு வேற, காரியம் வேற! ஆளு வேற, காரியம் வேற! மண்டையில ஏறுதா இல்லியா?"

"ஆளு வேற... காரியம் வேற" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பேஜார் விட்டது என்று நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் நீதிசபையில் கூட்டம் கதவைத் தாண்டி நின்றது. கன்னியப்பன் முதலில் வந்தான். வாட்டசாட்டமான ஆள், வெள்ளை வேட்டி, நல்ல பேர். பார்த்தேன் என்று சொல்லிச் சூடத்தை அணைத்தான். கை நடுங்கவில்லை.

மங்கம்மாவைக் கேட்டார்கள். "கூடையில நண்டுதான் துரை இருந்துச்சு. உயிர் நண்டு மேல துணிய வச்சா அது சும்மா இருக்குமா? கந்தலாக்கிடாதா?" என்று அழுதாள்.

குற்றம் சாட்டுவதையே உத்தியோகமாகக் கொண்ட பிஸ்கால் துரை எழுந்தார். ஒல்லியான மனிதர், கேள்வி கேட்பதற்கு முன் மூக்குப்பொடி போடுவார். "இவள் சிறுபெண்ணாக இருந்தபோது கோட்டைத் தோட்டத்தில் தேங்காய் திருடியதாகப் பேச்சு உண்டு. அன்று திருடியவள் இன்றும் திருடியிருப்பாள்."

பெரிய துரை கையை உயர்த்தினார். "பழைய தேங்காய் இன்றைய துணிக்குச் சாட்சி ஆகாது. மேலே போங்கள்."

அவளுக்கு யார் சாட்சி என்று கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கக்கம்பி வந்தார். பெரிய துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கக்கூசுக்குப் போவதா, தப்பிக்க வேறு வழி உண்டா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. மங்கம்மாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. இவர் அவளை நல்லவள் என்றால் ஊரே சிரிக்குமே!

சூடத்தை அணைத்தார். "மங்கம்மா தங்கக்கம்பி துரை."

"தெரியும். உட்காரச் சொல்" என்றார் துரை.

"இன்னும் கீது துரை. நான் பாத்தேன்."

மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு நானே கேட்டேன். "இன்னா பாத்தே?"

"எல்லாரும் கஞ்சி குடிக்கப் போன நேரம். மணல்மேட்டுல நான் மட்டுந்தான். கன்னியப்பன் அந்த மூட்டைய உருட்டிகினு போய் அவன் சிநேகிதன் படகுல போட்டான். மேல கீத்துப் போட்டு மூடினான். படகு எளாவூர்ப் பக்கமாப் போச்சு."

இதை நான் ஒல்லாந்து பாஷையில் சொல்லி முடித்ததும் கூட்டம் முழுக்கக் கன்னியப்பன் பக்கம் திரும்பியது. பிஸ்கால் துரை மட்டும் நிதானமாகப் பொடி போட்டுக்கொண்டார்.

"இந்தச் சபையில் யாரையாவது நீ கெட்டவன் என்று சொன்னதுண்டா?"

"இல்லீங்க."

"ஆடு திருடியவன்?"

"நல்லவங்க."

"பானை உடைத்த சிப்பாய்?"

"ரொம்ப நல்லவருங்க."

கூட்டம் சிரித்தது. பிஸ்கால் துரை குரலை இறக்கினார். "கன்னியப்பனைக் காவலுக்கு வைத்தபோது அவன் குணத்துக்கு இதே இடத்தில் நின்று ஒருவன் சத்தியம் செய்தான். யார் அது?"

"நான்தாங்க."

"என்ன சொன்னாய்?"

"தங்கக்கம்பின்னேன்."

"அன்று தங்கம். இன்று திருடன். எந்த நாள் சொன்னது பொய்?"

தங்கக்கம்பி திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தார்.  எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அட மனுஷா, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒருத்தனைக் கெட்டவன் என்று சொல்லித்தொலையேன்! ஒரு பெண்பிள்ளை சங்கிலிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாளே!

"ரெண்டும் பொய் இல்ல துரை" என்றார். "அவன் நல்லவன்தான். திருடிட்டான்."

நான் மொழிபெயர்த்தேன். பிஸ்கால் துரை வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவன் எப்படித் திருடுவான்?"

"ஆளு வேற, காரியம் வேறன்னு துபாசி நைனாதான் சொன்னாரு. துரை சொல்லச் சொன்னாராம். நான் இத்தினி நாளா ஆளத்தான் நல்லவன்னேன். அவன் அந்தக் காரியத்தப் பண்ணலன்னு ஒரு தபா சொல்லியிருக்கேனா? துபாசியக் கேளுங்க."

பெரிய துரை என் பக்கம் திரும்பினார். "சொல்லியிருக்கிறானா?"

அத்தனை வழக்குகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆடு, வலை, பானை. அந்த எரிச்சலூட்டும் பதில் ஒவ்வொன்றும் என் வாய் வழியாகத்தானே போயிருந்தது? ஆட்டைத்தான் கேட்க வேண்டும். நான் அங்கே இல்லை. உடைத்தார், சிரித்துக்கொண்டே உடைத்தார்.

"இல்லை துரை. ஒரு தடவைகூட இல்லை" என்றேன்.

பிஸ்கால் துரை விடவில்லை. சாட்சியை வார்த்தையில் மடக்க முடியாவிட்டால் பகையில் மடக்க வேண்டும், அது அவர் வழக்கம். "உனக்கும் காவல்காரனுக்கும் என்ன விரோதம்? எதற்காக அவனை மாட்டிவிடுகிறாய்?"

"விரோதமா?" தங்கக்கம்பி கன்னியப்பனைக் கைகாட்டினார். "எங்க அக்கா மவன் துரை. அப்பன் இல்லாத புள்ள. நான் தோள்ல தூக்கி வளத்தவன்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வீறிட்டது. "அடப் பாவி! உன் நாக்கு அழுகிப்போவ!" அதுதான் அக்கா.

அதை மொழிபெயர்க்க வேண்டுமா என்பதுபோல் துரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு பிஸ்கால் துரையிடம் மெதுவாகச் சொன்னார். "சொந்தம் என்றால் காப்பாற்றப் பொய் சொல்வார்கள். கப்பலில் ஏற்றப் பொய் சொல்வார்களா? உட்காருங்கள்."

எளாவூர்ப் பக்கம் சிப்பாய்கள் படகில் போனார்கள். சிநேகிதன் வீட்டுக் கூரைக்கீற்றுக்கு அடியில் மூட்டை இருந்தது. ஒரு மடிப்புத் துணி மட்டும் குறைந்திருந்தது. மறுநாள் கன்னியப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டான். அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். "இத்தினி மூட்டைய ராப்பகலாக் காத்துகினு கெடக்கறேன். எங்க வூட்ல ஒருத்தர் ஒடம்புல அதுல ஒரு முழம் பட்டதில்ல" என்றான். மங்கம்மாவைச் சொன்னது ஏன் என்று கேட்டார் துரை. "மொதல்ல யார் பேரு வாயில வந்துச்சோ..." என்று அழுதான்.

மங்கம்மாவை அங்கேயே விடுவித்தார்கள். அவள் தங்கக்கம்பியின் காலில் விழப் போனாள். அவர் பதறி விலகி, என்னவோ ரகசியம்போலச் சொன்னார்: "கூடையில நண்டுதான்மா இருந்துச்சு. ஆனா அந்தத் தேங்கா நீதான் எடுத்தே. பாத்தேன்."

"இத்தினி வருசமா நீ சொல்லவே இல்லியே!"

"யாரும் என்னக் கேக்கலியேம்மா."

கன்னியப்பனுக்குத் தண்டனை சொல்லப் பெரிய துரை இறகை மையில் தோய்த்தபோது மறுபடி சூட வாசனை வந்தது. பார்த்தால் தங்கக்கம்பி நிற்கிறார்.

"துரை. இவன் தங்கக்கம்பி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் துரை நாற்காலியைத் தள்ளவில்லை. இறகை வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் அதற்கு நேரம். இப்போது கேட்கிறேன். ஏன் நல்லவன்? விவரமாகச் சொல்."

இத்தனை நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. தங்கக்கம்பி சூடத்தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். ஒரு புயலில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது கன்னியப்பன் நீந்திப்போய் வேறு குப்பத்துப் பிள்ளைகளை மேலே இழுத்துப்போட்டது; அம்மா கண்நோயில் கிடந்தபோது அவன் சோறாக்கி ஊட்டியது; சின்ன வயதில் மணல்மேட்டில் மாமனோடு உட்கார்ந்து தன் கஞ்சியில் பாதியை மாமனுக்கு ஊட்டியது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

கப்பல் இல்லை என்று தீர்ப்பாயிற்று. சவுக்கடி உண்டு, பிறகு கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு சுமக்க வேண்டும். ஊரிலேயே இருக்கலாம். அக்காவுக்கு மகன் மிஞ்சினான். தம்பி மிஞ்சவில்லை. கோட்டை வாசலில் அவள் ஒரு கை மணலை அள்ளித் தங்கக்கம்பியின் முகத்தில் எறிந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசியதே இல்லை. "எங்க அக்கா மாதிரி மனுஷி கெடையாது நைனா" என்று அவர் அவளைப் பற்றிச் சொல்வதும் நிற்கவில்லை.

இதோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த அமர்விலேயே கோழித் திருடன் ஒருவனுக்குச் சூடம் அணைக்க வந்துவிட்டார். பெரிய துரை மட்டும் கக்கூசுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். "தண்டனை நேரத்துக்கு வரச் சொல்" என்பார். தண்டனை நேரம்வரை வாசலில் உட்கார்ந்து என் உயிரை வாங்குவார். பிஸ்கால் துரையையும் தங்கக்கம்பி என்பார். ஏரியின் உப்புத் தண்ணீரையும் தங்கக்கம்பி என்பார். ஒரு தடவை என்னைப் பற்றியே யாரிடமோ அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். திருடர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

ஆனால் தீர்ப்பு வந்த அன்று மத்தியானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கூட்டம் கலைந்துபோயிருந்தது. அவர் குப்பத்து ஆட்கள் அவரை ஏற்றிக்கொள்ளாமலே படகை எடுத்துப் போய்விட்டார்கள். துறையில் தனியாக நின்று கண்ணிலிருந்து மணலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு படகைக் கூப்பிட்டு ஏறச் சொல்லி, நானும் ஏறிக்கொண்டேன். எனக்கு அந்தக் கரையில் எந்த வேலையும் இல்லை. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை அவர். அப்படி அவரை நான் பார்த்ததே கிடையாது. பாதித் தூரத்தில் தலை சாய்ந்து, என் தோளில் விழுந்து, குறட்டை விடத் தொடங்கினார். காற்று நன்றாக இருந்தது. படகுக்காரன் கோலை ஊன்றி ஊன்றி விசையாகத் தள்ளினான். கரை கிட்டே வந்துகொண்டிருந்தது.

மெதுவாகப் போப்பா என்றேன்.